ஊமைத் தொரசானிகள் வந்த பங்களா: மலையகமும் போர்க்கால ஒட்டுக்கேட்பும்

எங்கள் அப்பாயி சிறுமியாக இருந்தபோது, தோட்டத்துப் பெரிய பங்களாவுக்கு ஓய்வெடுக்க வந்துபோன வெள்ளைக்காரப் பெண்கள் சிலரை "ஊமைத் தொரசானிகள்" என்றுதான் சொல்லுவார். அவர்கள் ஊமைகள் இல்லை. சிரித்தார்கள், பாடினார்கள், பங்களாச் சமையல்காரரான அப்புவிடம் கதலிப் பழம் கேட்டு வாங்கித் தின்றார்கள். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று தொரையின் மனைவி கேட்டபோது மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். அப்பு அதைக் கீழே கொண்டுவந்து சொல்ல, தொழிலாளர் குடியிருப்பான லயம் முழுக்க அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அது இலங்கை மலையகத்தில் கம்பளைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டம். காலம் இரண்டாம் உலகப் போரின் கடைசி இரண்டு வருடங்களாக இருக்க வேண்டும்.

கண்டி, பேராதனை, கம்பளை, தியத்தலாவைப் பக்கத்துப் பழைய ஆட்களிடம் கேட்டால் அநேகமாக எல்லாருமே ஒரு மலையைக் காட்டுவார்கள். "அந்த உச்சியில்தான் ஒட்டுக் கேக்குற கேம்ப் இருந்தது. ஜப்பான்காரன் பேசுறதெல்லாம் அங்க கேக்கும்." சொல்பவர் முகத்தில் ஐயமே இருக்காது. இந்தக் கதைகளை நான் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். போரின்போது இலங்கையில் ஒட்டுக்கேட்பு வேலை எப்படி நடந்தது என்பதையும் தேடிப் படித்தேன். படித்தபின் ஒன்று தெளிவானது. ஜப்பானியரின் சிற்றலைச் செய்திகளைக் காதால் பிடித்த முக்கியமான நிலையம் மலையில் இல்லை, கொழும்பில் இருந்தது. ஆனாலும் மலையின் நினைவு பொய்யில்லை. கேட்டதை வைத்து முடிவெடுத்தவர்களும், தொலைதூரக் காடுகளோடு வானொலியில் பேசியவர்களும் மலையில்தான் இருந்தார்கள். கேட்டுக் கேட்டுக் களைத்தவர்கள் ஓய்வுக்கு வந்ததும் மலைக்குத்தான். நம்முடைய ஆட்கள் இதையெல்லாம் வெளியிலிருந்து பார்த்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்தார்கள்.

முதலில் கேட்பது என்றால் என்ன என்று பார்க்கலாம். ஜப்பானியக் கடற்படை தன் கப்பல்களோடு சிற்றலையில், குறுகிய நீண்ட ஒலிகளால் எழுத்துகளைக் குறிக்கும் மோர்ஸ் தட்டலில் பேசியது. சிற்றலை வானத்தின் மேல் அடுக்கான அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். சிங்கப்பூரிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். சிங்கப்பூரில் ஒரு ஜப்பானியன் விசையைத் தட்டினால் கொழும்பில் காதுக்கருவி மாட்டியவருக்கு அது கேட்கும். பகலில் ஒரு அலைவரிசை நன்றாக எடுக்கும், இரவில் வேறொன்று. இடி மின்னல் காலத்தில் காது கிழியும்.

அந்தத் தட்டல் ஆங்கில மோர்ஸ் இல்லை. ஜப்பானியரின் கானா எழுத்து நம் உயிர்மெய் போல ஒரு அசைக்கு ஒரு எழுத்து. க, கி, கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டல். ஆங்கிலத்தின் 26 எழுத்துக்குப் பழகிய காது அதைப் போல இரண்டு மடங்கு அளவு குறிகளைப் புதிதாகப் பழக வேண்டும். கேட்பவருக்குப் பொருள் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. காதில் விழுவதைத் தப்பில்லாமல் பென்சிலால் எழுதிக்கொண்டே போவதுதான் வேலை.

எழுதிய தாள் அடுத்த அறைக்குப் போகும். கடற்படையின் முக்கியமான இரகசியக் குறியீட்டை நேச நாட்டவர்கள் ஜேஎன்-25 என்று அழைத்தார்கள். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து இலக்க எண் ஒன்று உண்டு. அதன்மேல் இன்னொரு புத்தகத்திலிருந்து எடுத்த எண்ணைக் கூட்டுவார்கள். கூட்டும்போது மிச்சத்தை அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. 33336 உடன் 41827 ஐக் கூட்டினால் 74153 வரும். காற்றில் போவது அந்தக் கடைசி எண் மட்டும். ஜப்பானியர் இதில் ஒரு வழி விட்டுவைத்திருந்தார்கள். அசல் எண்கள் எல்லாம் மூன்றால் மீதியில்லாமல் வகுபடும். பெறுபவர் பிழை கண்டுபிடிக்க வசதியாக அப்படிச் செய்தார்கள். தாம் ஊகித்துக் கழித்த எண் சரியா என்று சோதிக்க, உடைப்பவர்களுக்கும் அதே வசதி கிடைத்துவிட்டது.

எண்ணை உடைக்க முடியாத நாட்களிலும் கேட்பதால் பயன் இருந்தது. யார் யாரோடு பேசுகிறார்கள், திடீரென்று பேச்சு கூடுகிறதா, ஒரேயடியாக அடங்குகிறதா, தட்டும் கை பழைய கையா புதிய கையா, இதிலிருந்தே நிறைய ஊகிக்கலாம். அப்புறம் திசை காண்பது. அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஓரிடத்தில் அளந்து, தூரத்தில் இன்னோரிடத்திலும் அளந்து, வரைபடத்தில் இரண்டு கோடு போட்டால் அவை வெட்டும் இடத்தில் கப்பல் இருக்கும்.

மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. உயரமாக இருந்தால் நன்றாகக் கேட்கும் என்று நமக்குத் தோன்றும். தொலைக்காட்சிக்கும் பண்பலைக்கும் அது சரி. அந்த அலைகள் நேர்கோட்டில் போகும், உச்சியில் கம்பம் வைத்தால் நாடே தெரியும். சிற்றலை வானத்திலிருந்து இறங்கி வருவது, அதற்கு உச்சி தேவையில்லை. அதற்கு வேண்டியது நீளநீளமாகக் கம்பி இழுக்க அகலமான தட்டை நிலமும், பக்கத்தில் மோட்டார் இரைச்சல் இல்லாத அமைதியும். தாழ்வான கோணத்தில் வரும் தூரத்து அலையைச் சுற்றியுள்ள மலைகள் மறித்துவிடும். திசை காணும் கருவிக்கு மலை இன்னும் மோசம். அலை பாறையில் பட்டு வளைந்து வந்தால் கோடு தவறான பக்கம் போகும், கப்பல் இல்லாத இடத்தில் கப்பலைக் காட்டும்.

சரி, அந்த வேலை நடந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிழக்காசியாவுக்கான பிரித்தானிய ஒட்டுக்கேட்பு மையம் முதலில் ஹொங்கொங்கில் இருந்தது. 1939 ஆகஸ்டில் சிங்கப்பூருக்குப் போனது. ஜப்பானியர் மலாயாவில் இறங்கியதும் 1942 ஜனவரியில் கொழும்புக்கு வந்து, பெம்புரோக் என்ற பள்ளிக்கூடக் கட்டடத்தில் அமர்ந்தது. அடுத்த மாதம் 15 ஆம் திகதி சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் இறுதியில் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள், ஏப்ரல் முதல் நாளை ஒட்டி இலங்கை தாக்கப்படும் என்று கண்டு சொன்னார்கள். பிரித்தானியக் கீழ்த்திசைக் கப்பற்படைத் தலைவர் அட்மிரல் சொமர்வில் தன் கப்பல்களைக் கடலுக்குக் கொண்டுபோய்க் காத்திருந்தார். ஜப்பானியர் வரவில்லை. எண்ணெயும் தண்ணீரும் குறைய, ஏப்ரல் 2 ஆம் திகதி இரவு மாலைதீவின் அட்டு தீவுப் பக்கம் விலகிப் போனார். 4 ஆம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் எதிரிக் கப்பற்படையைக் கண்டு, தன் விமானம் சுடப்பட்டு விழுமுன் வானொலியில் எச்சரித்தார். 5 ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பில் குண்டு விழுந்தது. 9 ஆம் திகதி திருகோணமலையில்.

கேட்டவர்கள் சொன்ன இடம் சரி, சொன்ன நாள்தான் சில நாள் முந்திவிட்டது. அந்தச் சில நாட்களின் விலையாக டோர்செட்ஷயர், கார்ன்வால், ஹெர்மிஸ் என்று கப்பல்களும் அவற்றில் இருந்த பல நூறு உயிர்களும் போயின.

அதன்பின் மையத்தைக் கென்யாவின் மொம்பாசாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் ஒரு பள்ளிக்கூடம்தான் இடம் கொடுத்தது. ஆனால் அங்கிருந்து ஜப்பானிய அலைகள் மிக மெலிந்து கேட்டன. ஜப்பானிய வணிகக் கப்பல்களின் குறியீடு 1942 இறுதியில் அங்கேதான் உடைந்தது என்றாலும், காது கொழும்பில் இருந்தால்தான் சரிவரும் என்பது தெரிந்துவிட்டது. 1943 செப்டம்பரில் திரும்பி வந்து கொழும்பில் ஆண்டர்சன் கோல்ஃப் திடலில் அமர்ந்தார்கள். பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களின் பெயருக்கு முன் போடும் 'எச்எம்எஸ்' என்பதைக் கரையிலுள்ள தளங்களுக்கும் போடும், அப்படி இதற்கு எச்எம்எஸ் ஆண்டர்சன் என்று பெயர். ரென்ஸ் எனப்படும் கடற்படைப் பெண்கள் பலர் அங்கே இரவும் பகலும் முறை வைத்து வேலை செய்தார்கள்.

ஆக, கேட்ட இடம் ஒரு கோல்ஃப் திடல். தட்டையான, கடல் மட்டத்து நிலம்.

மலைக்கு யுத்தம் ஏறியது அடுத்த வருடம். 1944 ஏப்ரலில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றினார். அவர் தங்கியது கண்டியில் அரசரின் பவிலியன் என்ற மாளிகையில். வாவிக்கரையில் இருக்கும் சுவிஸ் ஹோட்டலையும் படை எடுத்துக்கொண்டது. கொஞ்ச மாதத்தில் பல ஆயிரம் பேர் வந்து சேர்ந்தார்கள். மலாயாவுக்கும் பர்மாவுக்கும் இரகசியமாக ஆள் அனுப்பிய பிரித்தானிய அமைப்பான ஃபோர்ஸ் 136 இன் தலைமையகமும் கண்டியில்தான். அமெரிக்க உளவு அமைப்பான ஓஎஸ்எஸ் கண்டிக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிடுகு வேய்ந்த கொட்டில்களில் இயங்கியது. அங்கே இரகசியக் காகிதங்களை வகைப்படுத்தி வைத்த ஜூலியா மக்வில்லியம்ஸ் என்ற பெண், பின்னாளில் ஜூலியா சைல்ட் என்ற பெயரில் அமெரிக்காவே அறிந்த சமையல்காரர் ஆனார்.

இவர்களுக்கும் வானொலி வேண்டும். ஆனால் வேறு விதமான வானொலி. டில்லி, இலண்டன், பர்மா முனை என்று எங்கும் செய்தி அனுப்ப வேண்டும், வாங்க வேண்டும். மலாயாக் காட்டுக்குள் ஜோன் டேவிஸ் முதலான ஃபோர்ஸ் 136 ஆட்கள், ஜப்பானியருக்கு எதிரான உள்ளூர்ப் படையோடு தலைமறைவாக இருந்தார்கள். நெடுநாள் தொடர்பே இல்லாமல் கிடந்து, 1945 பெப்ரவரியில்தான் அவர்களுடைய வானொலி இலங்கையைப் பிடித்தது. இது எதிரியின் பேச்சை ஒட்டுக்கேட்பதல்ல. தன் ஆளின் மெல்லிய குரலுக்குக் காது கொடுத்துக் காத்திருப்பது. ஆனால் முள்வேலிக்கு வெளியே புல் அறுக்கப் போன ஒருத்திக்கு, காதுக்கருவி மாட்டி உட்கார்ந்திருக்கும் சிப்பாயைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அவள் "ஒட்டுக் கேக்குறான்" என்று சொன்னதில் என்ன பிழை?

கொழும்பிலும் டில்லியிலும் உடைத்தெடுத்த செய்திகளின் சாரம் வந்து சேர்ந்த மேசையும் கண்டியில் இருந்தது. ஆகவே "ஜப்பான்காரன் பேசுனதெல்லாம் இங்க வந்துச்சு" என்ற பேச்சிலும் உண்மை உண்டு. காற்றில் நேராக வரவில்லை, கொழும்பு வழியாகக் காகிதமாக வந்தது.

தியத்தலாவை இன்னொரு குழப்பத்தைச் சேர்த்தது. 1900 இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளுக்காக அமைத்த முகாம் அது. 1939 இல் ஜெர்மானியர்களை அங்கே அடைத்தார்கள். ஞானதிலோக, ஞானபொனிக என்ற ஜெர்மானியப் பிக்குகளும் அதில் இருந்தார்கள், பின்னர் இந்தியாவின் டேராடூனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதே தியத்தலாவையில் கடற்படையினர் இளைப்பாற எச்எம்எஸ் ஊவா என்ற முகாமும் இருந்தது. கடலே இல்லாத மலையில் ஒரு கப்பலின் பெயர்! கைதி முகாம், படை முகாம், ஓய்வு முகாம் மூன்றும் ஒரே வட்டாரத்தில் இருந்தால் வெளியில் நிற்பவர் எதை எதுவென்று பிரிப்பார்?

தோட்டத்து ஆட்கள் இந்த யுத்தத்தை உடம்பால் அறிந்தார்கள். பர்மா விழுந்ததும் அரிசி வரத்து நின்றது. கோதுமை மாவு பங்கீட்டில் வந்தது. இன்று லயத்தில் ரொட்டி இல்லாத காலைச் சாப்பாடு இல்லை. அது வேரூன்றியது அந்த நாட்களில்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்பாயியின் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்காக இரும்புக் குழாயும் கம்பிச் சுருளும் தூக்கி மேட்டில் ஏற்றியிருக்கிறார். எதற்கு என்று கங்காணிக்கும் தெரியாது. இராத்திரி விளக்கு வெளியே தெரியக் கூடாது என்று, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் சொல்லி அனுப்பினார்களாம். சுமந்தவருக்கு அந்தக் குழாயின் பாரம் தெரியும், பயன் தெரியாது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. போரின் தொழில்நுட்பம் பற்றிய எந்தப் பதிவிலும் அந்தச் சுமைக்கு இடமில்லை. அது உயிரோடிருப்பது பேச்சில் மட்டும்.

இன்னொரு கேட்பும் நடந்தது, இது நம் ஆட்களே செய்தது. இலண்டன் பிபிசி 1941 மே மாதம் தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலியும் தமிழில் பேசியது. தோட்டத்தில் ரேடியோ வைத்திருந்தவர் தொரை, மிஞ்சினால் ஒரு கிளாக்கர் ஐயா. அந்த வீட்டுச் சமையலறைப் பக்கம் நின்று கேட்டதைக் கேட்டவர்கள் லயத்துக்குக் கொண்டுவந்தார்கள். மலாயாத் தோட்டங்களுக்குப் போன உறவினர் பல குடும்பங்களுக்கு இருந்தார்கள். அங்குள்ள தமிழர்கள் ஆயிரக்கணக்கில் போஸின் படையில் சேர்ந்த செய்தி அவர்களுக்கு வெறும் செய்தி இல்லை. "கேட்டால் பிடித்துக்கொண்டு போவான்" என்ற பயமும் சேர்ந்தே இருந்தது. பங்களாச் சுவரோரம் காதை வைத்த இந்தக் கேட்பும், மலைமேல் நடந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கேட்பும் நாளடைவில் ஒரே கதைக்குள் போய்விட்டன. ஒருவர் கதை சொல்லும்போது கேட்டவன் வெள்ளைக்காரனா, நம் தாத்தாவா என்று நடுவில் மாறிப்போவதை நானே பல தடவை கவனித்திருக்கிறேன்.

கலங்கியதற்குக் காரணம் வயதானவர்களின் மறதி என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. திருத்திக்கொள்ள வழியே கொடுக்கப்படவில்லை. எதிரியின் குறியீடுகளை உடைத்த கதையைப் பிரித்தானிய அரசு 1974 வரை இறுக மூடி வைத்திருந்தது. அங்கே வேலை செய்த பெண்கள் கட்டிய கணவனிடம்கூடச் சொல்லவில்லை. முப்பது வருடம் ஒரு வேலையைப் பற்றிய அதிகாரபூர்வமான சொல் ஒன்றுமில்லாதபோது, கம்பத்தைக் கண்ணால் பார்த்தவர் சொன்னதுதான் வரலாறு.

அந்த முப்பது வருடத்துக்குள் பார்த்தவர்களும் சிதறிப் போனார்கள். 1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. பேராதனை மலையில் குழாய் சுமந்தவரின் பிள்ளைகள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் தேயிலை பறித்தார்கள். ஒரு சம்பவத்தின் பாதி இங்கேயும் பாதி நீலகிரியிலும் கிடந்தால் யார் யாரைச் சரிபார்ப்பது?

இங்கே மிஞ்சியவர்களுக்கு இன்னொரு யுத்தம் வந்தது. 1982 இல் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியது. நாட்டின் மிக உயரமான மலையான, 2,524 மீட்டர் உயரப் பீதுருதாலகாலையில் அதன் கம்பம் எழுந்தது. பிறகு காவல் இறுகி, அந்த உச்சி நெடுங்காலம் மக்கள் கால் படாத இடமாகிவிட்டது. 1983 க்குப் பின் சோதனைச் சாவடிகள் வந்தன. வீட்டில் ரேடியோ சத்தமாக வைத்து பிபிசி தமிழோசை கேட்பதற்கே யோசித்த காலம் எங்களுடையது. எங்கள் தலைமுறைக்கு மலைமேல் கம்பம் என்றாலே "நாம் பேசுவதை யாரோ கேட்கிறார்கள்" என்ற பொருள்தான். அந்தப் பயத்தோடு தாத்தா சொன்ன கதையைத் திருப்பிச் சொன்னபோது, பழைய கம்பமும் புதிய கம்பத்தின் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது.

இந்த நினைவுகளைப் பிரித்துப் பார்க்க வழி உண்டு. "அங்கே என்ன நடந்தது?" என்று கேட்டால் பயனில்லை, எல்லாரும் "ஒட்டுக் கேட்டான்" என்றுதான் சொல்வார்கள். கண்ணும் காதும் பிடித்ததைக் கேட்க வேண்டும். இராவெல்லாம் மெஷின் ஓடிய சத்தம் ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் அது பெரும்பாலும் அனுப்பும் நிலையம் அல்லது தலைமையகம். அனுப்புவதற்குத்தான் அவ்வளவு மின்சாரம் வேண்டும். கேட்பவன் இரைச்சலை விட்டுத் தள்ளி இருப்பான். கம்பம் ஒன்றா, பலவா? அவற்றுக்கு நடுவே கம்பி எவ்வளவு தூரம் போனது? உச்சியிலா, ஆற்றோரத் தட்டையிலா? உள்ளே இருந்தவன் தட்டினானா, எழுதினானா? ஒரு மாமா "உச்சியில ஒத்தக் கம்பம், பக்கத்துல எந்நேரமும் மெஷின் உறுமும்" என்றார். அது ஒட்டுக்கேட்பு இல்லை என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. மலாயாக் காட்டில் தனியாகக் கிடந்தவர்களுக்கு இப்படிப்பட்ட ஒரு கம்பத்திலிருந்துதான் பதில் போயிருக்கும் என்று விளக்கியபின் மறுபடி பேசத் தொடங்கி, இருட்டும்வரை நிறுத்தவில்லை.

ஊமைத் தொரசானிகள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று எனக்கு நெடுநாள் தெரியாது. கண்டித் தலைமையகத்துத் தட்டச்சுக்காரிகளாகவும் இருக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சில வருடங்களுக்கு முன் கோத்தகிரி போனபோது, அந்தப் பங்களா அப்புவின் மகளைச் சந்தித்தேன். எழுபதுகளில் குடும்பத்தோடு கப்பலேறியவர், அப்பாயிக்கு ஒரு வயது இளையவர். அந்தப் பெண்கள் காலையில் நெடுநேரம் தூங்குவார்கள், யாரும் எழுப்பக் கூடாது என்று சொன்னார். அப்புறம் அவராகவே ஒன்று சொன்னார். மழை பிடித்தால் ஒரு தொரசானி விறாந்தை நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாளாம். தகரத்தில் துளி விழ விழ, வலது கை மடியில் ஏதோ எழுதிக்கொண்டே இருக்குமாம்.

"தட்டுனாங்களா அம்மாயி, எழுதுனாங்களா?" என்று கேட்டேன்.

"தட்டல தம்பி. எழுதுச்சு. கையில பென்சிலு இல்ல, ஆனா எழுதுச்சு."